இருக்கை: ஒன்று

மோட்டார் சைக்கிளில் தன் பின்சீட்டை மூடப்போகிற வெள்ளை ஃபைபர் கூட்டைத் தானே முதுகில் சுமந்துகொண்டு, அதே பின்சீட்டில் உட்கார்ந்து, புருஷன் ஹில்மாரோடு வாகனச் சோதனை நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள் வீப்கே. அந்தக் கூத்து அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

குளிர்காலம் முழுக்க வண்டியின் பின்பக்க பேனல் லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. பிடிப்புகள் இரண்டு உடைந்திருந்தன. வீப்கேயின் குதிகால் இடித்துத்தான் உடைந்தது என்று ஹில்மார் பைக் கிளப்பில் எல்லார் முன்னாலும் சொன்னான்.

"பின்னாடி அந்த பாரம் ஏறினா பிளாஸ்டிக் என்ன, இரும்பே விரிசல் விடும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். வீப்கேயும் சிரித்து வைத்தாள்.

பத்தொன்பது கோடைகளாக ஆல்ப்ஸ் கணவாய்களை அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தவள் அவள். வருஷத்தில் அந்த இரண்டு வாரம்தான் அவனும் அவளும் ஒன்றாக இருந்தார்கள். மற்ற நாட்களில் அவன் ஒரு அறை, அவள் ஒரு அறை. ஆகவே அந்தப் பின்சீட்டு அவளுக்கு வெறும் சீட்டு இல்லை.

உடைந்த பேனலுக்குப் பதிலாக ஒற்றை ஆள் கூடு மாட்டலாம் என்று ஹில்மார் சொன்னபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்து, வேண்டும்போது கழற்றிக்கொள்ளலாம் என்று சமாதானம் சொன்னான். அவளும் நம்பினாள். ஏரிக்கரைப் படகுப் பட்டறையில் ஃபைபர் வேலை பார்க்கிறவளுக்கு இது கை வந்த வேலை. இந்த மாதிரிக் கூடு எதுவும் வண்டியோடு ஒழுங்காகப் பொருந்தியதாகச் சரித்திரமே கிடையாது. துளைகூடப் போடாமல்தான் அனுப்புவான்கள். மூன்று சனிக்கிழமை விளிம்பைத் தேய்த்துத் தேய்த்து உட்காரவைத்து, கடைசியில்தான் துளையிட்டாள். ஃபைபர் வெடிக்காமலிருக்க ஒவ்வொரு துளைக்கும் ரப்பர் வாஷர். சாதாரணத் திருகுக்குப் பதிலாகக் கால் சுற்றில் கழலும் திருகுகள் நான்கு. நாணயம் ஒன்றிருந்தால் போதும், நாற்பது நொடியில் கூடு வெளியே, அவள் சீட்டு உள்ளே. கடிகாரத்தை வைத்துப் பார்த்துப் பெருமையாகச் சொன்னாள். நல்லது என்றான் ஹில்மார்.

மாற்றிய வண்டியைச் சோதனைக்காரர் பார்த்துத் தாளில் எழுதித் தரவேண்டும். இரண்டு விதமாகவும் மாட்டிக் காட்டினால் "ஒன்று அல்லது இரண்டு இருக்கை" என்றே எழுதுவார்கள். அதற்காகத்தான் அவளும் கூட வந்திருந்தாள்.

சீட்டைக் கழற்றி வீப்கே அங்கேயே மாட்டிய கூட்டைச் சோதனைக்காரர் டிரைலிங் இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். அசையவில்லை. யார் செய்த வேலை என்று வியந்து கேட்டார். வீட்டிலேயே செய்தது என்று ஹில்மார் முடித்துக்கொண்டான்.

"ரெண்டு விதமாவும் எழுதிடலாமா?" என்று கேட்டார் டிரைலிங்.

சீட்டை மாட்டிக் காட்ட வீப்கே பையில் நாணயத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம். ஒண்ணுன்னு மட்டும் எழுதுங்க" என்றான் ஹில்மார்.

அப்படியானால் பின் கால்மிதிகள் இருக்கக் கூடாது என்றார் டிரைலிங், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"கழட்டிக் குடு வீப்கே. ஸ்பேனர் உன்கிட்டதானே இருக்கு."

அந்த ஸ்பேனரை அவன் மண்டையில் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் நான் அவள் பக்கம்தான் நின்றிருப்பேன். ஆனால் வரிசையில் நின்ற இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் எதிரில் வீட்டு விஷயத்தைக் கடைபரப்பி அவளுக்குப் பழக்கமில்லை. மண்டியிட்டுத் தன் கால்மிதிகளைத் தானே கழற்றினாள்.

வெளியே வந்ததும், வீட்டுக்கு எப்படி வருவது என்று கேட்டாள். சூப்பர்மார்க்கெட் வாசலில் பஸ் வரும் என்றான். ஒற்றைச் சீட்டு வண்டியில் இரண்டு பேர் போனால் போலீஸ் பிடிக்கும் என்று சட்டமும் சொன்னான்.

"அப்போ கோடைக்கு?"

"இந்த வருஷம் நான் தனியாப் போறேன். முன்னாடியே சொல்லியிருப்பேன். நீ அவ்வளவு ஆசையா வேலை பார்த்துட்டிருந்தே, நடுவுல சொல்ல மனசு வரல." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். "இன்ஷூரன்ஸ் சலுகைக்காக வண்டி உன் பேர்லதானே இருக்கு. இந்தத் தாளைப் பதிவு ஆபீஸ்ல நீதான் குடுக்கணும். மறந்துடாதே."

மடியில் சீட்டும் கால்மிதிகளுமாகப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். பதிவு அலுவலகத்தை நெருங்கும்போது இறங்கும் பொத்தானை அழுத்தினாள். தாளை வீட்டுக்குக் கொண்டுபோனால் கிழித்துவிடுவோம், கிழித்த பிறகு அவன் காலில் விழுவோம் என்று அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும். அந்த அசிங்கம் வேண்டாம் என்று உள்ளே போனாள்.

எழுத்தர் இளம்பெண். இருக்கை ஒன்றுதானே என்று படித்துக் காட்டி, முத்திரை குத்தினாள். வீப்கே கையிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்துச் சிநேகமாகச் சிரித்தாள்.

"தனியா ஓட்டுறதுதாங்க நிம்மதி. பின்னாடி ஒரு ஆள் ஏறினாலே தொல்லை."

"ஆமா" என்று கையெழுத்துப் போட்டாள் வீப்கே. "பெரிய தொல்லை."