வில் வளர்மதி, புதிய நிர்வாகம்

லக்ஷ்மணன் பந்தைப் பிடித்திருந்த விதத்தைக் குகதாசனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கடையில் பூசணிக்காய் வாங்குகிறவன்கூட அதை இன்னும் கொஞ்சம் நம்பிக்கையோடு பிடிப்பான். பாசலில் மருந்துக் கம்பனியொன்றில் பெரிய உத்தியோகம் பார்க்கும் இந்தச் சென்னைக்காரர்தான் சுவிஸ் றக்பி லீக் சங்கத்தின் தலைவர். வாழ்நாளில் அவர் ஒருவரையும் விழுத்தியதில்லை. அவரையும் ஒருவர் விழுத்தியதில்லை. இரண்டாவதைத்தான் குகதாசனால் மன்னிக்க முடியவில்லை.

"இன்னும் ஒரு போட்டோ," என்றார் லக்ஷ்மணன். "மிஸ்டர் ஹோல்றோய்ட், கொஞ்சம் சிரிங்க."

ஹோல்றோய்ட் சிரிக்கவில்லை. இங்கிலாந்தின் வடக்கிலிருந்து வந்த பரிசோதகர் அவர். பதின்மூன்று பேர் ஆடும் இந்த றக்பி அங்கே சில நிலக்கரி ஊர்களிலும், கடலுக்கு அந்தப் பக்கம் அவுஸ்திரேலியாவின் ஒரு கரையிலும்தான் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிறது. மற்ற இடங்களில் றக்பி என்றால் பதினைந்து பேர் ஆடும் மற்றதுதான். ஆகவே, விளையாட்டைப் பரப்ப வேண்டும் என்று இந்த ஆட்டத்தின் உலகத் தலைமைச் சபை மேடைதோறும் முழங்கும். பிறகு, பரவித் தொலைத்துவிட்டதா என்று பார்த்துவர ஹோல்றோய்ட் மாதிரி ஒருவரை அனுப்பும். தன் ஊரில் பிறக்காதவன் தொட்டால் பந்து புளித்துவிடும் என்பது போல ஒரு முகம் அவருக்கு.

சனிக்கிழமை மத்தியானம். ஷ்லீரன் மைதானம். பாசல் அணிக்கும் வில் என்ற சிறு நகரத்தின் அணிக்கும் ஆட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. பாசல் அணியில் இங்கிலாந்துக்காரரும் அவுஸ்திரேலியரும், எல்லாம் லக்ஷ்மணனின் கம்பனிப் பக்கத்து ஆட்கள். வில் அணி முழுக்கத் தமிழ்ப் பெடியள், குகதாசனின் கழகம். கபடி ஆடிப் பழகிய உடம்புகள். யன்னல் தொழிற்சாலையில் அவனோடு வேலை செய்த ஒரு கிழட்டு இங்கிலாந்துக்காரன் இந்த ஆட்டத்தைக் காட்டித் தந்தபோது குகதாசனுக்குப் பிடித்துப்போனதற்கு ஒரே காரணம்தான். கபடியில் ஒருமுறை பிடிபட்டால் வெளியே. இதில் பந்தோடு ஆறு தரம் பிடிபடலாம். ஆறு உயிர் தரும் விளையாட்டை வேண்டாமென்று சொல்ல அவன் என்ன விசரனா?

வில் அணி வென்றது. ஹோல்றோய்ட் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

சபையின் விதி இதுதான். நாட்டுக்குள் இரண்டு கழகங்களாவது இருக்கவேண்டும். இரண்டிலும் பெரும்பாலானோர் அந்த நாட்டுக் குடிமக்களாக இருக்கவேண்டும். இருந்தால் அடுத்த வருசத் தகுதிச் சுற்றில் சுவிஸ் அணி ஆடலாம். இல்லாவிட்டால் சங்கத்தை இழுத்து மூடலாம். குகதாசனுக்குச் சங்கம் மூடினால் ஒரு நட்டமும் இல்லை. அவனுக்கு வேண்டியது ஒரு உடுப்பு. வெள்ளைச் சிலுவை போட்ட சிவப்பு உடுப்பு. நாற்பதைத் தொடப்போகிறவன். வலது முழங்கால் மழைக்கு முன்பே மழையைச் சொல்லும். இந்தச் சுற்றை விட்டால் அந்த உடுப்பை அவன் தொலைக்காட்சியில்தான் பார்ப்பான்.

"பாசல் பரவாயில்லை," என்றார் ஹோல்றோய்ட். "உள்ளூர்க் கழகம் ஒன்று ஆயிற்று. இந்த வில் பையன்கள் நன்றாக ஓடுகிறார்கள், வெளிநாட்டவர்களாக இருந்தாலும். இரண்டாவது உள்ளூர்க் கழகம் எங்கே?"

லக்ஷ்மணன் கைகளைத் தேய்த்தார். "வில் வந்து எங்களோட இன்டக்ரேஷன் ப்ராஜெக்ட் சார். அகதிகளா வந்தவங்கள நாங்க மெயின்ஸ்ட்ரீமுக்கு..."

குகதாசனுக்கு ஆங்கிலம் அரைகுறை. அந்த அரையே போதுமாயிருந்தது. சாக்லெட் கொடுத்துத் தூக்கிவந்த பிள்ளைகளைப்போல அவர்களைக் காட்டிக்கொண்டிருந்தார் மனுசன்.

"சேர், ஒரு நிமிசம்," என்றான். பிறகு மைதானம் முழுக்கக் கேட்கும்படி ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் கத்தினான்: "சுவிஸ் பாஸ்போட் வைச்சிருக்கிற ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

வில் பக்கம் எல்லாக் கையும் எழுந்தது. குடியுரிமை நேர்முகத்தில் ஆற்றின் பேரும் மலையின் பேரும் ஒப்புவித்து, அயல்வீட்டுக்காரியிடம் நல்ல பிள்ளைச் சான்றும் வாங்கி எடுத்த பாஸ்போட். தூக்காமல் விடுவார்களா? பாசல் பக்கம் ஒரே ஒரு கை. பேர்ண் பெண்ணைக் கட்டிய ஒரு அவுஸ்திரேலியன். மற்றவர்கள் சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கினார்கள்.

"உவையள் முழுக்க தற்காலிக பி விசா," என்றான் குகதாசன், ஹோல்றோய்டைப் பார்த்து, தன் அரை ஆங்கிலத்தில். "போன வருசம் வந்தவை, வாற வருசம் போயிடுவினம். தோலைப் பாத்து எண்ணினா இப்பிடித்தான் வரும்."

ஹோல்றோய்டின் முகம் கொஞ்சம் சிவந்தது. மன்னிப்புக் கேட்கிற சாதி இல்லை அவர். கணக்கைத் திருத்துகிற சாதி. "சரி. அப்படியென்றால் வில்தான் உள்ளூர், பாசல் இல்லை. ஆனாலும் ஒரு கழகம்தானே இருக்கிறது? எனக்கு இரண்டு வேண்டும். நாளை சாயங்காலம் எனக்கு விமானம்."

லக்ஷ்மணன் பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னார்: "குகதாசன், சும்மா இருந்திருக்கலாம்ல? பாசலக் காட்டி ஒண்ண முடிச்சிருப்பேன். இன்னொண்ணுக்கு டைம் வாங்கியிருப்பேன். இப்ப மறுபடி ஒண்ணுலதான் நிக்கிது."

"நீங்கள் வாங்கின ரைம் எல்லாம் நாங்கள் பாத்தனாங்கள்தானே சேர். நாளைக்கும் இந்த மைதானம் உங்கட பேரிலதானே இருக்கு?"

"இருக்கு. நாளைக்கு ட்ரோன் ஷூட் வெச்சிருக்கேன்."

குகதாசன் திரும்பி நடந்தான். கரையோரம் மேசை போட்டு மீன் ரோல்ஸ் விற்றுக்கொண்டிருந்த மனைவி சிவகலாவிடம் போனான். அவள் முழுவதையும் கேட்டிருந்தாள். அவள் கேட்காதது ஊரில் எதுவும் நடப்பதில்லை.

"என்னப்பா முழுசுறியள்? மற்றக் கழகம் இருக்குத்தானே."

"அது கழகம் இல்லை."

"பதின்மூண்டு பேர், உடுப்பு, பந்து, தலைவர். பிறகென்ன, வாலோ இல்லை?"

விசயம் இதுதான். வில் வளர்மதி விளையாட்டுக் கழகம் போன மாரிகாலம் வரைக்கும் ஒன்றாகத்தான் இருந்தது. புது உடுப்பு அடிக்க வேண்டி வந்தது. நெஞ்சில் யாருடைய விளம்பரம்? குகதாசனின் சகலன் நடத்தும் கார் பழக்கும் பள்ளியா, அணியில் அவனோடு ஆடிய இராயப்புவின் தமையன் அன்ரனின் இறைச்சிக் கடையா? ஒன்றை நெஞ்சிலும் மற்றதை முதுகிலும் போடலாம் என்று ஒரு அப்பாவி சொன்னான். எதை முதுகில் போடுவது என்று பொதுக்கூட்டம் கூடியது. கதிரைகள் இடம் மாறின. கூட்டம் முடிந்தபோது இரண்டு கழகங்கள் இருந்தன. இரண்டுக்கும் ஒரே பெயர். இராயப்புவின் பக்கம் மட்டும் தன் பெயருக்குப் பின்னால் 'புதிய நிர்வாகம்' என்று சேர்த்துக்கொண்டது. கோயிலுக்கும் அப்படி, பழைய மாணவர் சங்கத்துக்கும் அப்படி. எங்கள் ஆட்கள் இரண்டு பேர் இருந்தால் மூன்று நிர்வாகம் வைப்பார்கள்.

அன்றிலிருந்து இராயப்புவின் கழகத்தைக் கழகம் என்று குகதாசன் வாயால் சொன்னதில்லை. 'அந்தப் பெடியள்' என்பான். அவர்களோடு ஆடினால் அவர்களைக் கழகமாக ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்று ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. லக்ஷ்மணனின் காதிலும் அந்தப் பெயரை விழவிட்டதில்லை.

போனை எடுத்தான். அது கொள்ளிக்கட்டை மாதிரிக் கையில் கிடந்தது.

"ஓ, தலைவரோ," என்றது இராயப்புவின் குரல். முதியோர் இல்லமொன்றின் சமையற்கட்டில் வேலை செய்கிற மனுசன். பின்னால் சட்டிகள் மோதும் சத்தம். "என்ன, வழி மாறி எடுத்திட்டீரோ?"

குகதாசன் விசயத்தைச் சொன்னான்.

"அப்ப நாங்கள் இல்லாட்டி உமக்குச் சிவப்பு உடுப்பு இல்லை."

"உமக்கும் இல்லை."

"எனக்குத் தேவையில்லை. என்ரை வயிறு அதுக்குள்ள போகாது." இராயப்பு சிரித்தான். அதில் ஈரமே இல்லை. "வாறம். ஆனா ஒண்டு. நாளைக்கு மைக்கில நீர் சொல்ல வேணும். நாங்கள்தான் கழகம், நீங்கள் பிரிஞ்சு போன ஆக்கள் எண்டு. வெள்ளைக்காரனுக்கு முன்னால, உம்மட பெடியளுக்கு முன்னால."

"விசரோ உமக்கு? பேரை மாத்தினது நீங்கள்."

"அப்ப வெள்ளைக்காரனை விமானத்தில ஏத்திவிடும். நான் சோறு வடிக்கப் போறன்."

போன் வைக்கப்பட்டது. சிவகலா ரோல்ஸை எண்ணெய்க் கடதாசியில் சுற்றியபடியே கேட்டாள்: "என்ன கேக்கிறார்?"

சொன்னான்.

"ஆக அவ்வளவோ? அவை பிரிஞ்சவையோ நீங்கள் பிரிஞ்சியளோ எண்டு இந்த நாட்டில ஒரு மாட்டுக்கும் கவலையில்லை. எடுத்துச் சொல்லுங்கோ, சரி எண்டு."

எடுத்துச் சொன்ன பிறகு, இரவு முழுக்கக் குகதாசன் புரண்டு படுத்தான் என்று எழுத ஆசைதான். அவன் நன்றாகத் தூங்கினான். கோபம் அவனுக்கு நல்ல தூக்கம் தரும்.

ஞாயிறு காலை இராயப்புவின் ஆட்கள் வந்து இறங்கினார்கள். நெஞ்சு முழுக்க 'அன்ரன் இறைச்சிக் கடை' என்று அடித்த பச்சை உடுப்பு. இரண்டு பகுதியும் மைதானத்தின் இரண்டு அந்தத்தில் நின்று, எதிர்ப்பக்கத்தில் மனிதரே இல்லை என்பதுபோல உடம்பைச் சூடாக்கினார்கள். ஹோல்றோய்ட் கைகட்டி நின்றார். யாரும் சொல்லாமலே அவர் கையைத் தூக்கச் சொன்னார். பச்சையிலும் எல்லாக் கையும் எழுந்தது. லக்ஷ்மணன் நிம்மதியில் மைக்கைப் பிடித்து, ஒற்றுமையைப் பற்றி ஒரு உரையைத் தொடங்கினார். இராயப்பு அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிக் குகதாசனிடம் நீட்டினான்.

குகதாசன் மைக்கைப் பார்த்தான். தன் பெடியளைப் பார்த்தான். அவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள்.

"வில் வளர்மதிக் கழகம்," என்றான், பல்லுக்குள்ளால். "அவைதான். நாங்கள் பிரிஞ்சு வந்த ஆக்கள்."

தமிழில்தான் சொன்னான். "இங்கிலீசிலும்," என்றான் இராயப்பு, இனிமையாக.

ஆங்கிலத்திலும் சொன்னான். சொல்லி முடிக்கவும் ஹோல்றோய்ட் முதல்முறையாக நிமிர்ந்தார்.

"பிரிந்து வந்தவர்களா? எதற்காக?"

"நெஞ்சிலயோ முதுகிலயோ எண்டு," என்றான் குகதாசன். அதை விளக்க அவனுக்கு ஆங்கிலமும் போதவில்லை, மனமும் வரவில்லை. விசில் ஊதப்பட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை விளையாட்டு என்று சொல்வது மரியாதைக்குத்தான். முதல் பந்திலேயே குகதாசன் தலையைக் குனிந்துகொண்டு இராயப்புவின் வயிற்றுக்குள் நேராக ஓடினான். பக்கத்தில் ஓட எவ்வளவோ இடம் இருந்தது. இராயப்பு அவனை அள்ளி, மாவு மூட்டையைப் போடுவதுபோலப் போட்டான். கபடிப் பழக்கம், விழுந்தவனை விடமாட்டார்கள். இந்த ஆட்டத்தில் விடவேண்டும், விழுந்தவன் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ள வேண்டும். நடுவர் கத்திக் கத்திப் பிரித்தார்.

"எழும்பும் தலைவர். நிலம் குளிரும்."

"உமக்கு மூச்சு வாங்குது. சோறு வடிக்கப் போம்."

அடுத்ததரம் இராயப்பு பந்தோடு வந்தான். குகதாசனும் இன்னும் இரண்டு பேரும் அவனைக் கோட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய், ரோல்ஸ் மேசையோடு சேர்த்து விழுத்தினார்கள். சிவகலா ரோல்ஸ் தட்டை முன்கூட்டியே தூக்கிவிட்டிருந்தாள். "மேசைக்கு ஆர் பதில் சொல்றது?" என்றாள். பயிற்சிக்கு அரைமனதோடு வரும் பெடியள் எல்லாம் அன்று ஒவ்வொரு அடி நிலத்துக்கும் செத்தார்கள். காதில் இரத்தம் வழிந்தவன் துடைக்கவில்லை. பாசல்காரர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். லக்ஷ்மணனின் ட்ரோன் மேலே வண்டுபோலச் சுற்றியது. பிறகு யாரோ உயர உதைத்த பந்து அதன்மேல் பட்டு விழுந்தது. அதற்கு மட்டும் இரண்டு பகுதியும் சேர்ந்து கைதட்டியது.

ஆட்டம் சமமாக முடிந்தது. ஒருவருக்கொருவர் கை கொடுக்கவில்லை.

லக்ஷ்மணன் ஓடிவந்தார். "மிஸ்டர் ஹோல்றோய்ட், இவங்க நடந்துக்கிட்டதுக்கு நான் சங்கத்தின் சார்புல மன்னிப்பு..."

"வாயை மூடுங்கள்," என்றார் ஹோல்றோய்ட், மிகவும் பணிவாக. அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. குகதாசன் பக்கம் திரும்பினார். "எங்கள் விளையாட்டே ஒரு ஹோட்டலில் கூட்டம் போட்டு, மற்றவனோடு இருக்கமாட்டோம் என்று பிரிந்து வந்ததுதான், தெரியுமா? எத்தனையோ நாட்டில் பார்த்தேன். பதாகை, கொடி, பயிற்சி முகாம், எல்லாம் இருக்கும். பக்கத்து ஊர்க்காரனை இப்படி மனமார வெறுக்கிற ஆட்டம் எங்கள் ஊரை விட்டு வெளியே எங்கேயும் இல்லை. நீங்கள் ஒரே ஊருக்குள்ளேயே வைத்திருக்கிறீர்கள்." தாளில் இரண்டு கழகங்களின் பெயரையும் எழுதினார். "இது பரவிவிட்டது."

பாராட்டா அவமதிப்பா என்று குகதாசனுக்கு விளங்கவில்லை. இரண்டுக்கும் சேர்த்து "தாங்க்ஸ்" என்றான்.

வசந்தம் முடியும்போது வில் நகரில் ஒரு மண்டபத்தில் தேசிய அணிக்கு உடுப்புக் கொடுத்தார்கள். அணியைத் தெரிவுசெய்தது இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பயிற்சியாளர். வயிறு போகாது என்று சொன்ன இராயப்பு அணியின் முன்வரிசையில் நடுவில், அவன் தோளைப் பிடித்துக்கொண்டு தள்ளவேண்டிய இடத்தில் குகதாசன். லக்ஷ்மணன் முதலில் தனக்குத் தானே ஏற்பாடு செய்த பொன்னாடையைப் போர்த்திக்கொண்டார். தன் தொலைநோக்கைப் பற்றிக் கதைத்தார். தன் கம்பனி அனுசரணை தரவில்லை என்பதை மட்டும் கதைக்கவில்லை. கேட்ட இடமெல்லாம் கைவிரித்தபிறகு, ஒரே ஒருவர்தான் முன்வந்திருந்தார்.

குகதாசன் பொதியைப் பிரித்தான். சிவப்பு. வெள்ளைச் சிலுவை. அதற்குக் கீழே, நெஞ்சின் ஒரு விலாவிலிருந்து மறு விலாவரை, வெள்ளை எழுத்தில்: அன்ரன் இறைச்சிக் கடை.

முதுகைத் திருப்பிப் பார்த்தான். முதுகில் இலக்கம் மட்டும்தான்.

அவனுடைய பெடியள் அவன் முகத்தையே பார்த்தார்கள். எறிந்துவிட்டு எழுந்தால் பின்னால் எழும்பத் தயாராகக் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்கள். இன்னொரு நிர்வாகம் பிறக்க ஒரு மூச்சுத்தான் இடைவெளி. சகலன் மூன்றாவது வரிசையில் எழுந்தே நின்றார்.

குகதாசன் சட்டையைக் கழற்றினான். சிவப்பை எடுத்துத் தலைக்கு மேலால் போட்டான். வயிற்றில் கொஞ்சம் இறுகியது. இழுத்து விட்டான். சகலன் கதிரையில் இருந்துவிட்டார்.

இராயப்பு பக்கத்தில் வந்து அவனை மேலும் கீழும் பார்த்தான். "என்ன தலைவர், அளவு சரியோ?"

"இறைச்சி மணக்குது," என்றான் குகதாசன்.

கழற்றவில்லை. வீட்டுக்கும் அதோடுதான் போனான்.