படிக்கு அப்பால் ஒரு வீணை

குளிர்நாட்டு ஊரான குட்மேய்ஸில், அந்த வீட்டின் சாமியறையில் வீணை முதல்முறை முனகியபோது பிற்பகல் மூன்று மணி. சுள்ளி முறிவது போன்ற சிற்றோசைதான். அறை வாசலில் நின்ற ஜெனோஜா படியருகே குனிந்து எட்டிப் பார்த்தாள்.

சரஸ்வதி பூசைக்காக மாமியார் நீலா காலையிலேயே அதற்குப் பட்டுச் சாத்தி, பொட்டிட்டு, கொதிக்கும் ஹீட்டரை ஒட்டி வைத்துவிட்டார். சற்றுமுன் கண்ட ஜெனோஜா அறைக்கு வெளியே இருந்த சுவிட்சால் ஹீட்டரை அணைத்துவிட்டாள். ஆனால் காய்ந்த மரம் காய்ந்ததுதான். ஏழு கம்பிகளின் இழுப்பும் ஓயவில்லை. அவற்றைத் தளர்த்தாவிட்டால் கழுத்தான தண்டியும் குடமும் ஒட்டிய மூட்டு பிளந்துவிடும். நாளை விஜயதசமி, ஆறாண்டு உழைப்புக்குப் பின் அவளுடைய முதல் மேடை.

கையெட்டும் தூரம்தான். ஆனால் அவளுக்கு மாதவிலக்கின் இரண்டாம் நாள்.

“மாமி, மெட்டுப் பதிச்ச மெழுகும் இளகுது. நீங்களாவது அந்தப் பிருடையளைத் திருகிக் கம்பியைத் தளர்த்துங்கோ.”

“வீணை என்ன ஐஸ்கிரீமோ, இளகிறதுக்கு? பூசையிலை வைச்சதை விடியுமட்டும் அசைக்கக்கூடாது. நீ வேறை துடக்கு. படியைத் தாண்டாதை, சொல்லிப்போட்டன்.”

கணவன் நிசாந்தனைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“ஷிப்ட் முடிய ஆறாகும். வந்து அம்மாவோடை கதைக்கிறன். அதுவரைக்கும் சண்டை பிடியாதையும்.”

காத்திருந்தாள். மனுசியைத் தள்ளிவைத்து மரத்துக்கு மாலை சூட்டும் வீட்டில், அந்த மரத்தைக் காக்கவும் ஆளில்லை! அறைக்குள் விளக்கு அசையாமல் எரிந்தது. நாலரைக்கு இரண்டாம் ஓசை கேட்டது. இம்முறை நீளமாக, பல்லைக் கடிப்பதுபோல.

ஜெனோஜா படியைத் தாண்டினாள். முதற் பிருடையைத் திருகினாள். இரண்டாவதில் விரல் படுமுன்னே மூட்டு வாய் பிளந்தது. தண்டி குடத்தைவிட்டு எழும்பியது. கம்பியொன்று சீறித் தெறித்தது.

“பார்! துடக்கோடை தொட்டாய், வெடிச்சிட்டுது!” நீலா கன்னத்தில் போட்டுக்கொண்டார். உடனே மகனை அழைத்தார்.

ஆறரைக்கு நிசாந்தன் சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே வந்தான். பிளந்து கிடந்த வீணையை அவன் பார்க்கவில்லை. பின்னால் நீலா மஞ்சள்நீர்ச் செம்போடு நின்றார்.

“நீர் தொட்டனீரோ?” நிசாந்தன் கேட்டான்.

வீணையருகே இருந்த ஜெனோஜா எழுந்து நின்றாள்.

“ஓம், தொட்டனான். பிந்தித் தொட்டனான். அதுதான் பிழை.”