ஆலிஸ் பார்க்காத கோல்

இதை டைரியில் நான்கு முறை எழுதி அடித்துவிட்டேன். இப்போதும் சரியாக வருமா தெரியவில்லை.

பகலில் எனக்கு அடையாறில் ஒரு பேசும்பட ஸ்டூடியோவில் பிலிம் நீளத்தைக் கணக்கெழுதும் வேலை. மாலையில் மயிலாப்பூரில் சுருக்கெழுத்து வகுப்பு. 1937இல் எங்கள் கம்பெனி ஒரு நாவலைப் படமெடுத்தது. புட்பால் ஆடும் ஏழைக்கும் வக்கீல் மகளுக்கும் காதல்.

கதாநாயகருக்குப் பந்து உதைக்க வராது. அவருக்குப் பதிலாக ஆட, சாந்தோம் மரியதாஸ் அண்ணனை நான்தான் அழைத்து வந்தேன். வெறுங்காலில் ஆடுபவர். அவர்கள் வீட்டுப் பெண்கள் மைதானத்துக்குப் போவதில்லை. மனைவி ஆலிஸ் அவர் ஆட்டத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

"டாக்கீஸ்லயாவது பாக்கட்டும், பிரகாசம். நான் சொன்னா வாய்ச்சவடால்ன்றா" என்று சிரித்தார்.

கோல் காட்சியை இரண்டாம் முறை எடுத்தபோது பந்து உள்ளே போனது. அவர் முழங்காலும் போனது. இனி ஆடவே முடியாது என்றார் டாக்டர்.

படம் நீண்டுவிட்டது. டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். "ஏன்யா, காதல் கதைக்கு மேட்ச் எவ்ளோ வேணும்? பாட்டுல கை வைக்காதே. முப்பத்திரண்டு பாட்டுன்னு நோட்டீஸ் அடிச்சாச்சு."

நாவலைப் பக்கம் பக்கமாக எண்ணினேன். இருநூற்று நாற்பதில் ஆட்டம் பன்னிரண்டே பக்கம். பாட்டு போக மீந்ததில் இருபதில் ஒரு பங்கு போதும் என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று முறை சரிபார்த்தேன். அந்த ஏழை ஜெயிப்பானா என்ற பயம் மற்ற எல்லாப் பக்கங்களிலும் இருந்ததை நான் எண்ணவில்லை. கோலைக் காட்ட வேண்டாம், கைதட்டல் சத்தம் போதும் என்றதும் நான்தான். வெட்டிய பிலிமை, செல்லுலாய்டு வளையல் செய்பவர் உருக்க எடுத்துப்போனார்.

முதல் நாள் காட்சி முடிந்து, பெண்கள் பக்கத்திலிருந்து ஆலிஸ் வந்தாள். அண்ணன் கோலூன்றி நின்றிருந்தார்.

"ஓடிச்சே ஒரு காலு, அது உன்னுதுதானே? சுண்டுவிரல் கோணலா இருந்திச்சி."

"என்னுதுதான்."

"மூஞ்சி மட்டும் அந்த ஆளுதா? சரி, எல்லாரும் கை தட்டினாங்களே, பந்து உள்ள போச்சா?"

அண்ணன் என்னைப் பார்த்தார்.

"போச்சுக்கா. நான் பார்த்தேன்" என்றேன்.

"நீ பாத்துட்டே, தம்பி" என்றாள் ஆலிஸ். பிறகு அவர் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, ரிக்‌ஷா நிற்கும் இடத்துக்கு மெல்ல நடத்திப் போனாள்.