றால் பெட்டித் தண்ணீர்

1983இன் தொடக்கத்தில் பலாலி விமான நிலையத்தில், கொழும்பிலிருந்து வந்துபோன சிறிய விமானத்துக்குப் பொதி ஏற்றி இறக்கியவர்கள் இரண்டே பேர்: கனிசியசும் சிமியோனும். இருவரும் யாழ்ப்பாணக் கரையோரத்துக் குருநகர்க்காரர். ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள்.

தை மாதம் விமானக் கம்பனியின் பலாலி அதிகாரி நமசிவாயம் ஊழியர்களைக் கூப்பிட்டு ஒரு புது ஏற்பாட்டைச் சொன்னார். விமானத்துக்கு ஆபத்து வரக்கூடிய எதைக் கண்டாலும் தன்னிடம் தனியாகச் சொல்லலாம். கட்டாயம் இல்லை. சொல்பவருடைய பிழையாகவே இருந்தாலும் தண்டனை இல்லை.

"விசயம் மட்டும்தான் கொழும்புக்குப் போகும். பேர் என்னோடை நிக்கும்," என்றார்.

சில கிழமைகள் ஒருவரும் வரவில்லை. பிறகு கனிசியஸ் வந்தான்.

குருநகரிலிருந்து கொழும்பு ஹோட்டல்களுக்கு ஐஸ் போட்ட றால், பலகைப் பெட்டிகளில் அந்த விமானத்தில் போகும். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் சரக்கறையில் ஒழுகி, தரைத் தகட்டின் இடுக்கால் கீழே இறங்குவதை அவன் பல மாதமாகக் கண்டிருந்தான். கண்ட போதெல்லாம் சாக்கால் துடைத்துவிட்டு வந்துவிடுவான்.

"கீழை என்ன இருக்குதெண்டு எனக்குத் தெரியாது, சேர். ஆனா மனம் கேக்குதில்லை."

"பெட்டி ஆரின்ரை?"

"கனபேரின்ரை. கூட வாறது யாகோப்பின்ரை. என்ரை மனுசியின்ரை தமையன்."

நமசிவாயம் அவனை நிமிர்ந்து பார்த்தார். "சரி. நீர் போம்," என்றார்.

கொழும்பில் தரைத் தகட்டைக் கழற்றினார்கள். வால் சுக்கானுக்குப் போகும் உருக்குக் கம்பி துருவேறி, புரி புரியாக விட்டுக்கொண்டிருந்தது. கம்பியை மாற்றினார்கள், பலகைப் பெட்டிகளைத் தடை செய்தார்கள்.

ஏற்றாமல் திருப்பிய றால் யாகோப்பின் வளவில் கிடந்து நாறியது. மற்றவர்களுக்கும் அதே கதி. யாரோ சொல்லித்தான் தடை வந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர். ஒருவன் யாகோப்பின் தங்கை புருசன். ஆகவே மற்றவன்தான் என்று குருநகர் முடிவு கட்டியது.

சிமியோனின் தம்பியைத் தொழிலுக்குக் கூட்டிப்போன வள்ளக்காரர், இனி வரவேண்டாம் என்றார்கள். மீன் வாங்கி விற்கும் அவன் மனைவி லூர்த்தம்மா கரையில் ஏலம் கேட்டபோது, அவள் குரல் காதில் விழாதது போல் இருந்தார்கள்.

சிமியோன் நமசிவாயத்திடம் போனான்.

"ஆர் சொன்னதெண்டு நான் கேக்கேல்லை, சேர். நான் சொல்லேல்லை எண்டு மட்டும் யாகோப்புக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கோ."

இவனில்லை என்று சொன்னால், மற்றவன்தான் என்று சொன்னதாகிவிடும் என்பது நமசிவாயத்துக்குத் தெரிந்தது.

"சொன்னவர் ஆரெண்டும் சொல்லமாட்டன், சொல்லாதவர் ஆரெண்டும் சொல்லமாட்டன். குறை நினையாதையும், சிமியோன்."

அவன் போனபின், கனிசியசைக் கூப்பிட்டு நிலைமையைச் சொல்லலாமா என்று யோசித்தார். கூப்பிட்டால் அது வற்புறுத்தல். கூப்பிடவில்லை.

கனிசியசுக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஊர் பேசுவதை அவனும் கேட்டிருந்தான்; வாய் திறக்கத்தான் துணிவில்லை. அன்று பின்னேரம் மனைவி சிசிலியா, "அந்தச் சிமியோனோடை இனி ஒண்டா வராதேங்கோ. அண்ணைக்குப் பிடிக்கேல்லை," என்றாள்.

"அவன் சொல்லேல்லை. நான்தான் சொன்னனான்."

"அண்ணையின்ரை றாலெண்டு தெரிஞ்சோ?"

"ஓம். தெரிஞ்சுதான்."

அப்படியே எழுந்து கரைக்குப் போனான். யாகோப்பு வலை காயப்போட்டுக்கொண்டு நின்றான்.

"மச்சான், சிமியோன் ஆக்களை விடு. பிளேன் விசயம் சொன்னது நான்."

யாகோப்பு கையை ஓங்கினான், அடிக்கவில்லை. "முதல் என்னட்டையெல்லோ சொல்லியிருக்க வேணும்! தகரப் பெட்டி செய்திருப்பன்."

"சொன்னனான். நத்தார்ப் பண்டிகைக்கு முந்தி. 'அது பிளேன்காரன்ரை பாடு' எண்டு நீதான் சொன்னனீ."

யாகோப்புக்கு அது ஞாபகம் வந்ததா என்பது முகத்தில் தெரியவில்லை.

அடுத்த நாள் பஸ்ஸில் கனிசியஸ் மன்னிப்புக் கேட்கத் தொடங்க, சிமியோன் மறித்தான்.

"எனக்கு முதலே தெரியும். நான் சொல்லேல்லையெண்டால் வேறை ஆர்?"

"பிறகேன் வாய் திறக்கேல்லை?"

"கோவத்திலை சேரிட்டைப் போனனான்தான். அவர் சொல்லாமல் விட்டது நல்லது. அந்தத் தண்ணியை நானும் கண்டனான். நானும் துடைச்சுப்போட்டுத்தானே வந்தனான்."

லூர்த்தம்மாவின் குரல் கரையில் மறுபடி கேட்கத் தொடங்கியது. ஒருவரும் அவளிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. யாகோப்பு பெரிய வெள்ளிக்கும் தங்கை வீட்டுக்கு வரவில்லை.

சித்திரையில் அவன் ஈயம் பற்றவைத்த தகரப் பெட்டியொன்றைப் பலாலிக்குக் கொண்டுவந்தான். நமசிவாயம் அதைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டான்:

"கனிசியஸ் தானாகவே என்னட்டைச் சொல்லிப்போட்டான், சேர். இனி உங்களுக்கென்ன? அவன்தானே உங்களட்டை வந்து சொன்னது?"

"பெட்டிக்குள்ளை தண்ணியை ஊத்தும்," என்றார் நமசிவாயம். "ஒழுகுதோ எண்டு பாப்பம்."