நேசமலரின் தலையாட்டல்

1.

இந்தக் கதை எனக்கு ஒரு பகிடியாகத்தான் கிடைத்தது. ஜெர்மனியில், டோர்ட்மண்ட் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சொல்லிச் சிரித்தார்கள். பிள்ளைக்குப் படிப்பில் தனி உதவி தேவையா என்று பார்க்க வைத்த சோதனைக்கே ஒருத்தி ரியூஷன் கொடுத்துப் பாஸ் பண்ண வைத்துவிட்டாளாம். நானும் சிரித்துவிட்டேன். எழுத உட்கார்ந்தபோது சிரிப்பு வரவில்லை.

2.

முதல் தொடக்கம்: நேசமலர் ஒரு நல்ல தாய். [அடித்துவிட்டேன். கெட்ட தாய் என்று எழுதவும் கை வரவில்லை.]

இரண்டாவது தொடக்கம்: வுப்பர்டாலில் இருக்கும் நேசமலரின் மகள் மிதுசாவுக்கு எட்டு வயது. எழுத்துக் கூட்டி வாசிக்க அவளால் முடியவில்லை. சிறப்புக் கல்வி ஆசிரியர் ஒருவர் வந்து அவளைச் சோதிப்பார், தேவையென்றால் வகுப்பிலேயே உதவிக்கு ஆள் போடுவோம் என்றார் வகுப்பாசிரியை வெரோனிக்கா. சோதனை என்றால் நேசமலருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பாஸ், இல்லாவிட்டால் பெயில். தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அசோகனிடம் ஓடினாள்.

"அண்ணை, பெயிலானா மொக்குப் பிள்ளையளின்ர பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப்போடுவினம். சனத்தின்ர முகத்தில முழிக்க ஏலாது."

"பயப்பிடாதேங்கோ தங்கச்சி. உந்தச் சோதினை எனக்குத் தெரியும். பழக்கி எடுப்பம்."

சோதனையில் வைப்பது போன்ற சிவப்பு வெள்ளைக் கட்டைகள் வந்தன. படத்தைப் பார்த்து அதே மாதிரி அடுக்க வேண்டும். சமையல் நடக்கும் குசினி மேசையில் நாள்தோறும் பயிற்சி நடந்தது. ஒவ்வொரு முறையும் அடுக்கி முடித்ததும் மிதுசா தாயின் முகத்தைப் பார்ப்பாள். சரியென்றால் நேசமலர் தலையாட்டுவாள். பிழையென்றால் முகம் இறுகிவிடும்.

(இங்கே அசோகனை நாலு வார்த்தை திட்டலாமா என்று பார்த்தேன். பாவம், மனுசன் உதவி செய்வதாகத்தான் நினைத்தார்.)

3.

மிதுசா பாஸ். தனி உதவி தேவையில்லை என்று முடிவானது. நேசமலர் கேசரி கிண்டி, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எல்லாருக்கும் கொடுத்தாள். அன்றைக்கு அவள் உடுத்தியிருந்த சேலை

[இந்தக் காட்சி இன்னும் நீளமாக இருந்தது. நீங்களும் சிரித்துவிடுவீர்கள் என்று பயந்து நிறுத்திக்கொண்டேன்.]

4.

தை மாதம் பள்ளியில் டெர்மின், நாளும் நேரமும் குறித்து வரச்சொல்லியிருந்தார்கள். தாயும் மகளும் வெரோனிக்காவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"இவளால் முடியும் என்று சோதனை சொல்கிறது. ஆனால் ஒரு வரிகூட வாசிக்க மாட்டேன் என்கிறாள். சோம்பல்தான் காரணம் என்று நினைக்கிறேன். வீட்டில் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள்."

மிதுசா தாயின் கையைப் பிடித்தாள். "நான் சோம்பேறி இல்லையம்மா. எழுத்துத்தான் நிக்குதில்ல."

நேசமலருக்குக் காது சுட்டது. இதுவரை ஊருக்கு முன்னால் வெட்கப்பட்டுத் திரிந்தவள், இப்போது பெற்ற பிள்ளைக்கு முன்னால் கூனிக் குறுகிப்போனாள். பழக்கித்தான் அனுப்பினேன் என்று சொன்னால் மறுபடி சோதிப்பார்கள், உதவியும் கிடைக்கும். ஆனால் கேசரி தின்றவர்கள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிடும்.

5.

ஒரு முடிவில் அவள் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள், வெரோனிக்கா தண்ணீர் கொடுத்தார். அதைக் கிழித்துப் போட்டேன். அவளை அவ்வளவு சுலபமாகத் தப்பவிட்டால் முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் நின்று சிரித்த நானும் தப்பிவிடுவேன். இன்னொன்றில் "ஓம், கண்டிக்கிறன்" என்று சொல்லி எழுந்தாள். வாசல்வரை வந்தாள், அதற்கு மேல் எனக்கு எழுத மனம் வரவில்லை.

ஆகவே அவர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். வெரோனிக்கா பிள்ளையின் பக்கம் திரும்பிக் கேட்கிறார்:

"மிதுசா, அந்தக் கட்டைகளை நீ மிக வேகமாக அடுக்கினாயாம். முன்பே எங்கேயாவது அடுக்கியிருக்கிறாயா?"

குசினி மேசையில் பழகியபடி, மிதுசா தாயின் முகத்தைப் பார்க்கிறாள்.

நேசமலரின் தலையை அசைக்க எனக்குத் துணிவில்லை. நீங்கள் அசையுங்கள். பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.