சீட்டில்லாத இரண்டு கொசுக்கள்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு வீட்டுச் சண்டையில். சாயங்காலம் ஜன்னலைச் சாத்தாமல் விட்டது யார் என்று ஆரம்பித்தது. என் கையில் உட்கார்ந்த கொசுவை ஓங்கி ஓர் அடி வைத்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அடிக்கறதுக்கு முன்னாடி அது எப்படி உக்காந்திருந்துச்சுன்னு பாத்தீங்களா?"

வாலைத் தூக்கிச் சாய்ந்து உட்கார்ந்தால் அது மலேரியாக் கொசுவின் குடும்பம், மட்டமாக உட்கார்ந்தால் வேறு குடும்பம் என்று எங்கோ படித்திருக்கிறாள். மட்டமாகத்தான் என்றேன் நான். தூக்கித்தான் என்றாள் அவள். உண்மையில் இருவருமே பார்க்கவில்லை. கொசுவோ என் மணிக்கட்டில் ஒரு கறையாகிவிட்டது. ஆனாலும் சாப்பாடு ஆறிப்போகும்வரை வாதாடினோம்.

கொசுவை இனம் பிரிப்பதையே வேலையாகக் கொண்ட ஒருத்தி இருப்பாளே, அவளுக்கு இப்படி ஒரு குழப்பம் வந்தால் என்ன செய்வாள் என்று கை கழுவும்போது தோன்றியது. தோன்றாமலே இருந்திருக்கலாம்.

2

முதல் தொடக்கம்: "நுண்ணோக்கியின் வட்ட வெளிச்சத்தில் அவள் கண்கள் —"

(வேண்டாம். இது பாடப்புத்தகம்.)

இரண்டாவது: "கொசு என்ற சிறு உயிர் மனித குலத்தின் —"

(இது அதைவிட மோசம். மேடைப் பேச்சு.)

மூன்றாவது: "தம்பிக்கு மறுபடியும் காய்ச்சல் வந்துவிட்டது."

இது இருக்கட்டும்.

3

தம்பிக்கு மறுபடியும் காய்ச்சல் வந்துவிட்டது. போன மாதம் அவனுக்கும் அவன் மகளுக்கும் வந்து, படுத்தி எடுத்துவிட்டுப் போன அதே மலேரியா. ஐந்து மாடிக் கட்டடத்தின் உச்சியில், தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே அவன் வீடு. தொட்டிக்கு மூடி இல்லை. கட்டட உரிமையாளரிடம் சொன்னால், "எங்க தொட்டியில அந்தக் கொசு கிடையாது, இருந்தா நிரூபிங்க" என்கிறார்.

நிரூபிக்க வேண்டியவள் தம்பியின் அக்கா. சுகாதார அலுவலகத்தில் கொசுக்களை இனம் பார்ப்பவள். அலுவலகத்தில் எல்லோரும் அவளைக் கொசுக்காரம்மா என்பார்கள். முதலில் கோபப்பட்டாள், பிறகு அந்தப் பேருக்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

அன்று அவள் மேசைக்கு இரண்டு குப்பிகள் வந்தன. ஒன்று தம்பி வீட்டுப் படுக்கையறைச் சுவரில் பிடித்தது. இன்னொன்று ஊருக்கு வெளியே மாட்டுக்கொட்டகையில் பிடித்தது. அந்தப் பக்கத்திலும் காய்ச்சல். குப்பிக்கு ஒரு கொசு. பிடித்த இடம் எழுதிய சீட்டு குப்பியின் மேல் ஒட்டியிருக்கும். கொசுவின் மேல் எதுவும் ஒட்டியிருக்காது, ஒட்டவும் முடியாது.*

தம்பி போன் செய்தான். பல் கிட்டிப் பேச்சு உதறியது.

"அக்கா, பாத்துட்டியா?"

"இன்னும் இல்லடா. போத்திட்டுப் படு."

"அந்தப் பாழாப்போன கொசு நம்ம வீட்டுதாவே இருக்கணும்னு வேண்டிட்டு இருக்கேன்கா. இருந்தாத்தான தொட்டியக் காலி பண்ணுவாங்க."

கொல்லும் கொசு தன் படுக்கையறையில் இருக்க வேண்டும் என்று ஒருவன் வேண்டிக்கொள்கிறான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

* மலேரியாக் கொசுக் குடும்பமான அனாபிலிஸிலேயே எல்லாமும் ஆபத்தானவை இல்லை. சில இனங்கள் நம்மை விட்டுவிட்டு மாட்டைத்தான் தேடிப் போகும். பார்வைக்கு அக்கா தங்கை மாதிரி இருக்கும். லென்சுக்கு அடியில் வைத்து, வாயோரம் நீண்டிருக்கும் கொம்புகளிலும் கால்களிலும் மாவு தூவியதுபோல் வெள்ளைப் பொட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

4

இந்த இடத்தில்தான் எனக்கு அவள்மேல் சந்தேகம் வருகிறது.

அவள் இரண்டு குப்பிகளையும் திறந்து, இரண்டு கொசுக்களையும் ஒரே வெள்ளைத் தட்டில் வைத்தாள். இடப்பக்கம் வீடு, வலப்பக்கம் கொட்டகை. ஒரு நேரத்தில் ஒன்றுதான் வெளியே வர வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான்.

"இத்தனை வருஷம் வேலை பாத்தவ இப்படிச் செய்வாளா?" என்று மனைவி கேட்டாள். இதுவரை எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"பயம்" என்றேன். "வீட்டுக் கொசுவை மொதல்ல பாக்க அவளுக்குத் தைரியம் இல்ல. கொட்டகைக் கொசுவ மொதல்ல பாத்துடலாமான்னு அதையும் எடுத்தா. எதைப் பாக்கறதுன்னு தெரியாம எழுந்து நின்னுட்டா."

"நீங்க பரீட்சை ரிசல்ட் பாக்கற மாதிரி."

"ஆமா."

"அப்ப சரி" என்றாள்.

கொசுக்காரம்மா எழுந்து நின்றதுதான் வினை. அவள் குனிந்திருந்தால் மின்விசிறி போடக் கூடாது என்பது அந்த அலுவலகம் முழுக்கத் தெரியும். மருந்தடிக்கும் குழுவின் தலைவர் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். அவள் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தார். வேலை முடிந்தது என்று நினைத்து, பாவம், சுவிட்சைத் தட்டினார்.

செத்த கொசுக்கள் இரண்டும் பறந்துபோயின.

5

தவழ்ந்து தேடினார்கள். ஒன்று நாற்காலிக்கு அடியிலும் மற்றொன்று ஜன்னல் ஓரத்திலும் கிடைத்தது. இப்போது நடுக்கமில்லாமல் குனிந்து பார்த்தாள், இனிப் பயப்பட என்ன இருக்கிறது. ஒன்றில் பொட்டு இருந்தது: தண்ணீர்த் தொட்டியிலும் முட்டையிடும், மலேரியா பரப்பும் இனம். மற்றதில் பொட்டு இல்லை: மாட்டைத் தேடும் இனம். இதில் அவளுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை.

எது எங்கிருந்து வந்தது என்பது மட்டும் தெரியவில்லை.

(மாட்டைத் தேடுகிறது கொட்டகையில்தானே இருக்கும் என்று சொல்லப் போகிறீர்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் மாட்டுக் கொசு வழி தவறி மாடிக்கு வரும். தொட்டிக் கொசு, மாடு குடிக்கும் தொட்டியிலும் வளரும். இரண்டையும் அவளே பார்த்திருக்கிறாள்.)

(கொசு குடித்த இரத்தத்தைச் சோதித்தால் மனிதனா மாடா என்று தெரிந்துவிடுமே என்பார் விவரம் தெரிந்த வாசகர். தெரிந்துவிடும். அதனால்தான் இரண்டின் வயிற்றையும் நான் காலியாக வைத்தேன். மன்னிக்கவும்.)

(மறுபடியும் பிடிக்கலாமே? பிடிக்கலாம். ஆனால் நாள் ஆகும். அதுவரை தம்பிக்கும் அவன் மகளுக்கும் நான் பொறுப்பில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.)

6

"மேடம், தப்பு என் மேலதான்" என்றார் தலைவர். "ஆனா வண்டி கீழ நிக்குது. மருந்து ஒரு எடத்துக்குத்தான் இருக்கு. எங்க போகணும்?"

"தெரியலண்ணே."

"தெரியலன்னு எழுதினீங்கன்னா ரெண்டு எடத்துக்குமே அனுப்ப மாட்டாங்க. உங்களுக்கே தெரியும்."

முடிவு அ: அவள் பொட்டுக் கொசுவைத் தம்பி வீட்டுக் குப்பியில் போடுகிறாள். குழு போகிறது, தொட்டி காலியாகிறது. தொட்டியின் அடியில் கொசுப் புழுக்கள் நெளிகின்றன. எல்லோரும் —

(நெளிய வைப்பது என் கையில்தானே இருக்கிறது. இது முடிவா, ஏமாற்றா?)

முடிவு ஆ: தம்பிக்காகச் செய்தாள் என்று நாளை யாரும் சொல்லக் கூடாது என்பதற்காகவே கொட்டகைக் குப்பியில் போடுகிறாள். நல்ல பேர் கிடைக்கிறது. தம்பி மகளுக்கு மறுபடியும் —

(எழுத மாட்டேன்.)

முடிவு இ: உண்மையைச் சொல்கிறாள். வண்டி ஷெட்டுக்குத் திரும்புகிறது. உண்மை யாருக்கும் பயன்படவில்லை.

"இதுல என்ன பெரிய குழப்பம்?" என்றாள் மனைவி. "தம்பி வீட்டுக்கு அனுப்புங்க. பாவம், சின்னக் குழந்தை இருக்கு."

நீங்களும் அதையே நினைத்திருப்பீர்கள். எனக்கும் அதே எண்ணம்தான். பேனாவை எடுத்தும்விட்டேன். அப்புறம்தான் உறைத்தது: தம்பிக்கு ஒரு குரல் கொடுத்தேன், காய்ச்சல் கொடுத்தேன், மகள் கொடுத்தேன். கொட்டகையில் மாட்டைத் தவிர யாரையும் வைக்கவில்லை. ஆள் இல்லாத இடத்தைக் கைவிட யாருக்குத்தான் மனம் வராது?

7

"அண்ணே" என்றாள் கொசுக்காரம்மா. இதை அவள் கேட்பாள் என்று நான் திட்டமிடவில்லை. "அந்தக் கொட்டகையில ராத்திரி யாராவது படுக்கறாங்களா?"

"பால்காரர் படுப்பாரு. அவரு சம்சாரமும்."

"காய்ச்சல் யாருக்கு?"

"பால்காரருக்குத்தான். அந்தம்மாவுக்கு இன்னும் வரல." தலைவர் ஜன்னல் வழியே கீழே நிற்கும் வண்டியைப் பார்த்தார். "மாசமா இருக்கு, மேடம்."

மேசையில் இரண்டு கொசுக்கள், இரண்டு குப்பிகள். அவள் இடுக்கியை எடுத்தாள், கீழே வைத்தாள். மேசைமேல் போன் அதிர்ந்தது, தம்பிதான். அவள் எடுக்கவில்லை. எடுத்தால் கை எந்தப் பக்கம் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

மனைவி தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "எனக்கு வேண்டாம்பா இது, நீங்களே வச்சுக்கங்க" என்றாள். நானும் வைத்துக்கொள்ளப் போவதில்லை.

இந்தாருங்கள், இடுக்கி. மெதுவாகப் பிடியுங்கள், கால் உடைந்துவிடும். கீழே வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று ஓட்டுநர் மேலே பார்த்துக் கேட்கிறார்.