ஏறி வரும் வண்டிக்கு வழி

"இன்னும் ரெண்டு நிமிஷம்!" என்று கொடிக்காரர் இரண்டு விரலை நீட்டினார்.

முத்துப்பிரியா ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டு, ஓட்டுகிறவன் காதுக்குள் பேசும் மைக்கை வாய்க்கு நேராக இழுத்து வைத்தாள். மடியில் நோட்டு. நோட்டுக்குள் ஏழு கிலோமீட்டர் மலைச்சாலை, அவளுடைய கையெழுத்தில், நாற்பத்திரண்டு வளைவுகளாக மடங்கிக் கிடந்தது. பக்கத்தில் அவள் அண்ணன் செழியன் ஸ்டீயரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்ததையே திரும்பத் துடைத்தான்.

"போதும்ணே. தேஞ்சு போகும்."

"கை வேர்க்குதுடி."

வேர்க்காமல் என்ன செய்யும்? மலைச்சரிவு ஜீப் சாம்பியன்ஷிப்பின் நாலாவது சுற்று, கடைசிச் சுற்று. குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு நடுவில், உச்சியிலிருந்து அடிவாரம் வரைக்கும் ஒரே இறக்கம். ஒவ்வொரு வண்டியாகத்தான் விடுவார்கள், கடிகாரம்தான் எதிரி. கோயம்புத்தூர் பிரதீப் ஓட்டி முடித்துவிட்டான். ஒன்பது நிமிடம் பதினொரு விநாடி. மொத்தப் புள்ளியில் அவன் ஒரே ஒரு புள்ளி முன்னால் நிற்கிறான். இன்று அவனைவிட அரை விநாடி முந்தினால்கூடப் போதும், பட்டம் செழியனுக்கு. பட்டத்தோடு சென்னை அணி ஒன்றில் ஒரு வருடம் வண்டி ஓட்டும் வாய்ப்பு. அந்த அணியின் மேலாளர் சுஜிதா கீழே முடிவுக்கோட்டில் காத்திருந்தார்.

பிரதீப்புக்கு அந்த ஒரு புள்ளி சும்மா வரவில்லை. செழியன் தாரை வார்த்துக் கொடுத்தது.

மூன்றாவது சுற்று தேவாரத்துக்கு மேலே நடந்தது. எட்டுப் புள்ளி முன்னிலையில் பறந்து வந்த செழியன், ஆளரவமே இல்லாத ஒரு வளைவில் திடீரென்று இடது பக்கம் ஒடித்தான். முன்சக்கரம் மலையோரத்து மழைநீர்ப் பள்ளத்தில் இறங்கிப் படுத்துக்கொண்டது. தூக்கி வெளியே வைக்கப் பதினைந்து பேர் வேண்டியிருந்தது.

"பிரேக்கு ஒரு பக்கமா இழுத்திருச்சு" என்று ஊரெல்லாம் சொன்னான். மெக்கானிக் கழற்றிப் பார்த்தார். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாள் சோற்றைப் பிசைந்தபடியே தங்கையிடம் உண்மையைக் கக்கினான்.

"ஹாரன் கேட்டுச்சு பிரியா. கீழருந்து. லோடு வண்டி ஏறி வருதுன்னு ஒதுங்கிட்டேன்."

"பந்தய ரோட்டுலயா? கயிறு கட்டி அடைச்சுப்போட்ட ரோட்டுலயா?"

"எனக்குத் தெரியும். கைக்குத் தெரியலையே!"

அவள் காதில் எந்த ஹாரனும் விழவில்லை. ஆனால் அவனை நம்பினாள். போடியில் தோட்டத்து ஜீப்பு ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தப் பலகையிலும் எழுதி வைக்காத சட்டம். விடிந்தும் விடியாமலும் பதினாறு பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறுகிற வண்டி, ஏற்றத்தில் நின்றுபோனால் பின்னோக்கி உருளும். அதனால் ஏறி வரும் வண்டி வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்க வேண்டும்; அதைக் கேட்டதும் இறங்கி வரும் வண்டி மலையோரமாக ஒதுங்கி வழி விட வேண்டும். இதில் யோசனைக்கு இடமில்லை. யோசிக்கிறவனுக்கு ஜீப்பு ஸ்டாண்டில் யாரும் வண்டி தர மாட்டார்கள்.

செழியனுக்கு அது பதினோரு வருடப் பழக்கம்.

"இந்தப் பழக்கத்த உரிச்சு எடுக்கணும்" என்று முடிவு கட்டினாள் முத்துப்பிரியா. போடி ஏலக்காய் ஏல மையத்தில் லாட் எண்களை மூச்சு விடாமல் வாசித்துப் பழகிய வாய் அவளுக்கு; முடிவுகளும் அதே வேகத்தில்தான் வரும். மூன்று வாரம், தினமும் சாயங்காலம், வறண்ட கண்மாய்க்குள் பயிற்சி நடந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டு வாசிக்க, அண்ணன் வளைத்து வளைத்து ஓட்டுவான். அவனோடு ஸ்டாண்டில் ஓட்டும் அமாவாசை கரைக்கு அந்தப் பக்கம் தன் ஜீப்பில் உட்கார்ந்து, நினைத்தபோது ஹாரன் அடிப்பான்.

முதல் நாள் இருபது தடவை அடித்தான். இருபது தடவையும் செழியன் ஒதுங்கினான்.

"மாப்ளே, நீ பந்தயத்துக்குப் போறியா, பொண்ணழைப்புக்குப் போறியா? இம்புட்டு மருவாதை குடுக்குற!" என்று கரை மேல் ஏறி நின்று கத்தினான் அமாவாசை.

"உன் மூஞ்சிய நெனச்சா வண்டி தானா ஒதுங்குதுடா."

கடைசி வாரத்தில் நாற்பது ஹாரன். ஒன்றுக்குக்கூடச் செழியனின் கை அசையவில்லை. முத்துப்பிரியாவுக்குப் பாதி உயிர் திரும்பியது.

"இங்க பாருண்ணே. ஹாரன் அடிச்சாலும் சரி, ஆனை பிளிறினாலும் சரி. நான் சொல்றது மட்டுந்தான் ஒனக்கு ரோடு. ஒதுங்குன்னு நான் சொன்னா ஒதுங்கு. நான் சொல்லலன்னா போ."

"சரி ஆத்தா."

இப்போது கொடி இறங்கியது.

மண் எகிறியது. "இடது அஞ்சு, நூறு மீட்டர், வலது மூணு, கல்லு, ஒட்டாத!" அவள் வாய் ஓட, வண்டி அதன் பின்னால் ஓடியது. எண் குறையக் குறைய வளைவு இறுக்கம். அது மட்டும்தான் இருவருக்கும் பொதுவான மொழி. ஏலச்செடிகள் பச்சைச் சுவராக இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போயின. நாலாவது கிலோமீட்டரில் கடிகாரத்தைப் பார்த்தாள். பிரதீப்பைவிட ஒன்றேகால் விநாடி முன்னால்! நெஞ்சு திக்கென்றது. சந்தோஷத்தில்கூடத் திக்கென்னுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

முப்பத்தோராவது வளைவு. வலது மூணு, பாறை மறைக்கும், உள்ளே ஒட்டிப் போ. நோட்டில் இருந்தது. வாயைத் திறந்தாள்.

பாறைக்குக் கீழிருந்து கேட்டது. நீளமாக ஒன்று. குட்டையாக ஒன்று.

ஹாரன்.

இந்த முறை அவளுக்கும் கேட்டது. வாய் திறந்தபடியே இருந்தது. வார்த்தை வரவில்லை. பாறையின் விளிம்பில் ஒரு ஜீப்பின் மூக்கு, மேலே நீலத் தார்ப்பாய். பார்த்தாள், கண்ணால் பார்த்தாள்.

வண்டி இடது பக்கம் நகர்ந்தது. ஒடிக்கவில்லை. பாலைத் தம்ளரில் ஊற்றுகிற மாதிரி, மலையோரப் பள்ளத்துக்கு ஒரு சாண் இந்தப் பக்கம், வழுக்கிக்கொண்டு போய் நிதானித்தது. மறுவிநாடி வளைவைத் தாண்டிப் பாய்ந்தது. எதிரே யாரும் இல்லை.

"அடுத்தது சொல்லுடி!"

சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

முடிவுக்கோட்டில் பெரிய திரையில் எண்கள் நின்றன. ஒன்பது நிமிடம் பன்னிரண்டே முக்கால் விநாடி. கோயம்புத்தூர்க்காரர்கள் பிரதீப்பைத் தோளில் தூக்கினார்கள்.

செழியன் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. முத்துப்பிரியா நேராக நடுவர் கூடாரத்துக்குள் நுழைந்தாள்.

"சார், முப்பத்தொண்ணாவது வளைவுல எதிர வண்டி வந்துச்சு. ஜீப்பு. அதனாலதான் ஒதுங்குனோம்."

நடுவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ரோட்டுல வண்டி குறுக்க வந்திருந்தா மறு ஓட்டம் உண்டும்மா. அது விதி. நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். நீலத் தார்ப்பாய்."

"ஒங்க அண்ணன்?"

பின்னால் வந்து நின்ற செழியன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே சொன்னான். "நான் ஒண்ணும் பாக்கல சார். ஹாரன்தான் கேட்டுச்சு."

அவனை அப்படியே கடித்துத் தின்றுவிடலாம் போலிருந்தது அவளுக்கு. ரோட்டையும் உள்ளே இருப்பவர்களையும் சேர்த்துப் பிடிக்க ஜீப்பில் மாட்டியிருந்த கேமராவை நடுவர் எடுத்துவரச் சொன்னார். சுஜிதாவும் உள்ளே வந்து ஓரமாக நின்றார்.

சின்னத் திரையில் முப்பத்தோராவது வளைவு வந்தது. ஹாரன் கேட்டது, எல்லோருக்கும் கேட்டது. பாறை வந்தது, போனது. ஜீப்பு இல்லை. மூக்கு இல்லை. தார்ப்பாய் இல்லை. மறுபடி ஓட்டினார்கள். வெறும் மண்ரோடு. மூன்றாம் முறை முத்துப்பிரியா பாறையைப் பார்க்கவில்லை, தன்னைப் பார்த்தாள். வாய் ஆவென்று திறந்திருக்கிறது. நோட்டைப் பிடிக்க வேண்டிய கை நோட்டை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்திருக்கிறது. உடம்பு மொத்தமும் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. ஸ்டீயரிங் திரும்புவதற்கு முன்பே.

"நான் பொய் சொல்லல சார்" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"தெரியுதும்மா" என்றார் நடுவர். "ஆனா வண்டி இல்லையே."

அதற்குள் கூடாரத்து வாசலில் ஆள் ஓடிவந்து மூச்சு வாங்கும் சத்தம். அமாவாசை. கையில் ரோஜா மாலை.

"அண்ணே, அது நாந்தாண்ணே. சனம் வந்து பாக்குறதுக்கு விட்ட கீழ்ப்பாதைல ஏறி வந்தேன். வளைவு வந்துச்சு... கை தானா அடிச்சிருச்சு."

"ஏன்டா பாவி, மூணு வாரம் நீதானடா பழக்குன!" என்று பாய்ந்தாள் முத்துப்பிரியா.

"அப்ப அடின்னு சொன்னீக, அடிச்சேன். இப்ப யாரும் சொல்லல, நானாவும் அடிக்கல. என்னத்தச் சொல்ல!" அவன் அழுதே விட்டான். கீழ்ப்பாதை வேறு பாதை. அதில் வரும் வண்டி குறுக்கீடு ஆகாது. மறு ஓட்டம் கிடையாது. நடுவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பட்டம் பிரதீப்புக்கு.

வெளியே வந்ததும் சுஜிதா அவளை மட்டும் நிறுத்தினார். "தேவாரத்து வீடியோவும் பார்த்திருக்கேன். அதே தப்பு, ரெண்டாவது தடவை. அதுவும் பட்டம் கையில இருக்கும்போது. பெரிய தப்புப் பண்ணினா டிரைவர் கத்துக்கணும் இல்லையா? உங்க அண்ணன் கத்துக்கவே இல்லையே, ஏன்?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள். முடியவில்லை. தேவாரத்தில் பள்ளத்தில் விழுந்தான். இங்கே விழவில்லை; சக்கரம் ஒரு சாண் தள்ளி நின்றது. அப்படியானால் கற்றுக்கொண்டிருக்கிறான். ஆனால் அவள் சொல்லிக் கொடுத்தது அதுவா? இல்லை. நான் சொல்லாவிட்டால் போ என்றாள். அவள் சொல்லவில்லை. அவன் போகவும் இல்லை. அப்போது தப்பு அவனுடையதா, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுடையதா?

"தெரியலைங்க மேடம்" என்றாள். "அவன் என்னமோ கத்துக்கிட்டான். என்னதுன்னுதான் தெரியல."

சுஜிதா பிரதீப் நின்ற பக்கம் நடந்தார்.

செழியன் பந்தய ஜீப்பின் இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். இப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தான். தலைமுடி நனைந்து ஒட்டியிருந்தது.

"கோவமாடி?"

"கோவமா இருந்தா நல்லா இருக்கும்ணே. அதுகூட வரல. ஏன் ஒதுங்குன?"

"நீ ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லலன்னா போகத்தானே சொன்னேன்!"

"நீ சும்மா சொல்லாம இருந்தா போயிருப்பேன். மூச்சையே நிறுத்திட்ட. காதுக்குள்ள கேட்டுச்சு." சக்கரத்தில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினான். "நாப்பது ஹாரனுக்கும் கண்மாய்ல நீ மூச்சு விட்டுக்கிட்டுதான் இருந்த."

அவளுக்குச் சுருக்கென்றது. உடனே, அது அவன் தப்பிக்கச் சொல்லும் கதையோ என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றின.

"வண்டி வந்திருந்தா?" என்றான் அவன்.

"வரலையே."

"வரல. சரி. அடுத்த வருசம் திரும்பவும் ஹாரன் கேக்கும். அப்ப என்ன செய்யட்டும்? வெரசாச் சொல்லு, நீதான நோட்டு படிக்கிற ஆளு."

முத்துப்பிரியா நோட்டைத் திறந்தாள். முப்பத்தோராவது வளைவு. வலது மூணு, பாறை மறைக்கும், உள்ளே ஒட்டிப் போ. பேனாவை எடுத்தாள். கடைசி இரண்டு சொல்லையும் அடித்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதே இரண்டு சொல்லை அதற்குப் பக்கத்திலேயே மறுபடி எழுதினாள்.

"என்னடி எழுதுற?"

"இருண்ணே" என்றாள். பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நின்றாள்.